காட்டு மண்ணில் கரிம அமிலங்கள் களிமண் கனிமங்களுடன் பிணைதல்

இலைச்சருகு, வேர், பூஞ்சை ஆகியவற்றிலிருந்து காட்டு மண்ணுக்குள் வந்துசேரும் கரிம அமிலங்கள், அங்குள்ள களிமண் கனிமங்களின் பரப்பிலும், அவற்றோடு கலந்திருக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பரப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணியலில் இது கரிம-கனிமப் பிணைப்பு எனப்படுகிறது. உலக மண்களின் மேல் ஒரு மீட்டர் ஆழத்தில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கார்பன் கரிமப் பொருளாக உள்ளது. வளிமண்டலத்தில் உள்ள கார்பனைவிட இது மிகுதி. அதில் நீண்டகாலம் நிலைத்திருக்கும் பகுதி பெரும்பாலும் இந்தப் பிணைப்பினால்தான் நிலைத்திருக்கிறது. பிணைப்பு எப்படி உண்டாகிறது, எப்போது அவிழ்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கறுப்பு ஆறும் ஒரு வகுப்பறைச் சோதனையும்

பிரேசிலின் மனாசு நகரருகே இரண்டு பேராறுகள் கூடுகின்றன. ஒன்று வண்டல் கலங்கிய சோலிமோயிசு. மற்றொன்று ரியோ நீக்ரோ. பெயருக்கேற்ப அது கறுப்பு ஆறு. நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் கறுப்பாக இராது, தேயிலைச் சாறு போலப் பழுப்பாக இருக்கும். இரண்டும் கலக்காமல் ஏறக்குறைய 6 கி.மீ. தொலைவு பக்கம் பக்கமாக ஓடுவதைக் காணவே பயணிகள் அங்கே செல்கிறார்கள்.

ரியோ நீக்ரோவின் நிறத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பரந்து கிடக்கும் வெண்மணல். காட்டுச் சருகிலிருந்து ஊறிவரும் பழுப்புநிற அமிலங்களைப் பிடித்துவைக்க அந்த மணலில் களிமண் இல்லை. அவை அப்படியே ஆற்றுக்குள் போய்விடுகின்றன. ஆற்று நீரின் பி.எச். 5க்கும் கீழே இருக்கிறது. அதே அமேசான் காட்டில், களிமண் மிகுந்த சிவந்த மேட்டுநிலங்களிலிருந்து வரும் சிற்றோடைகள் தெளிவாகவே ஓடுகின்றன. மரங்களும் மழையும் இரண்டு இடத்திலும் உண்டு, மண்தான் வேறு.

இதைப் பள்ளியில் செய்து பார்க்கலாம். நான் பணியில் இருந்தபோது பலமுறை செய்ததுண்டு. காய்ந்த இலைகளை ஒரு வாளி நீரில் நான்கைந்து நாள் ஊறவைத்தால் பழுப்புச் சாறு கிடைக்கும். அடிப்பகுதி வெட்டிய இரண்டு நெகிழிக் குப்பிகளைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சு வைத்து, ஒன்றில் நன்கு கழுவிய ஆற்று மணலும் மற்றதில் செம்மண்ணும் நிரப்ப வேண்டும். செம்மண்ணோடு பாதியளவு மணல் கலக்காவிட்டால் நீர் இறங்கவே இறங்காது. முதல் ஆண்டு அப்படித்தான் பாடவேளை முழுவதும் காத்திருந்து ஏமாந்தோம். முதலில் வெறும் நீரை ஊற்றி, கலங்கல் நின்றபின் இலைச்சாற்றை ஊற்றினால், மணலில் இறங்கியது பழுப்பாகவே வரும். செம்மண்ணில் இறங்கியது நன்றாக வெளுத்திருக்கும். "மண் வடிகட்டிவிட்டது" என்று மாணவர்கள் சொல்வார்கள். கரைந்திருக்கும் பொருளை வடிகட்ட முடியாது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். ஆகவே அங்கே நடந்தது வடிகட்டல் அன்று. அமில மூலக்கூறுகள் மண்ணின் பரப்பில் ஒட்டிக்கொண்டன.

அமிலங்கள் எங்கிருந்து வருகின்றன

காட்டு மண்ணில் காணப்படும் சிறிய கரிம அமிலங்கள் பெரும்பாலும் நாம் சமையலறையில் அறிந்தவையே. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், ஆப்பிளின் மாலிக் அமிலம், வினிகரின் அசிட்டிக் அமிலம், கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்குக் காரணமான படிகங்களில் உள்ள ஆக்சாலிக் அமிலம் ஆகியவற்றை வேர்நுனிகளும், வேர்களோடு கூடிவாழும் பூஞ்சைகளும் மண்ணுக்குள் கசியவிடுகின்றன. மரப்பட்டையும் இலையும் சிதையும்போது வனிலிக் அமிலம், ஃபெரூலிக் அமிலம் போன்ற பீனால் வகை அமிலங்கள் வெளிப்படுகின்றன. இவை தவிர, பழுப்பு நிறத்துக்குக் காரணமான பெரிய, கலவையான அமிலப் பொருள்களும் உண்டு. ஃபுல்விக் அமிலம், ஹியூமிக் அமிலம் என்று பாடநூல்கள் சொல்பவை இவையே. அவற்றுக்குப் பின்னர் வருவோம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான உறுப்பு கார்பாக்சில் தொகுதி. காட்டு மண்ணின் பி.எச். பெரும்பாலும் 4 முதல் 6 வரை இருக்கும். அந்த நிலையில் கார்பாக்சில் தொகுதிகளில் பல தம் ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்சுமை பெற்றுவிடுகின்றன. எனவே மண்நீரில் திரிபவை பெரும்பாலும் அமில மூலக்கூறுகள் அல்ல, அவற்றின் எதிரயனிகள். பிணைப்பைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

கரைந்த நிலையில் இவற்றின் ஆயுள் மிகக் குறைவு. நுண்ணுயிர்களுக்கு இவை நல்ல உணவு. சிட்ரேட்டு போன்றவை மேல்மண்ணில் சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஒட்டிக்கொண்டவை மட்டுமே தப்புகின்றன.

களிமண்ணின் முகமும் விளிம்பும்

மண்ணியலில் களிமண் என்பது 0.002 மி.மீ.க்கும் சிறிய துகள்களைக் குறிக்கும். இத்துகள்களில் பெரும்பாலானவை அடுக்குகளால் ஆனவை. பழைய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஓலையும் சிலிக்கான்-ஆக்சிசன் தகடும் அலுமினியம்-ஆக்சிசன் தகடும் ஒட்டி அமைந்தது. ஒரு சிலிக்கா தகடும் ஓர் அலுமினா தகடும் சேர்ந்தால் கயோலினைட்டு. இரண்டு சிலிக்கா தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினா தகடு இருந்தால் இல்லைட்டு, மொண்ட்மோரில்லோனைட்டு முதலியவை. கரிசல் மண் மழைக்கு உப்பி, கோடையில் வெடிப்பதற்குக் காரணம் இந்த இரண்டாம் வகையில் விரியும் இனங்கள்.

மொண்ட்மோரில்லோனைட்டு ஒரு கிராம் எடுத்து ஓலைகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம்மூர்க் கணக்கில் மூன்று கிரவுண்டு மனைக்கும் கூடுதல். கயோலினைட்டில் ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான்.

சுவடியின் அகன்ற முகமும் வெட்டுப்பட்ட விளிம்பும் குணத்தில் வேறு. அடுக்கு உருவாகும்போதே சிலிக்கானின் இடத்தில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமும் அங்கங்கே அமர்ந்துவிடுவதால் முகங்கள் நிலையான எதிர்மின்சுமை கொண்டவை. விளிம்பில் நிலைமை வேறு. அங்கே அடுக்கு அறுபட்டிருப்பதால் அலுமினியத்தோடு ஹைட்ராக்சில் தொகுதிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அமில மண்ணில் இவை ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர்மின்சுமை பெறும். கார மண்ணில் இழந்து எதிர்மின்சுமை பெறும். செம்மண்ணுக்கு நிறம் தரும் கோதைட்டு, ஹேமடைட்டு ஆகிய இரும்புக் கனிமங்களின் பரப்பு முழுவதுமே ஏறக்குறைய இந்த விளிம்பைப் போன்றது. தூய கோதைட்டு, பி.எச். ஏறத்தாழ 7.5 முதல் 9 வரையிலான எல்லையை எட்டும்வரை நேர்மின்சுமையோடுதான் இருக்கும்.

எதிரும் எதிரும் எப்படிச் சேர்கின்றன

அமிலத்தின் அயனியும் எதிர்மின்சுமை, களிமண் முகமும் எதிர்மின்சுமை. ஒத்த மின்சுமைகள் விலக்கும் என்று படித்த மாணவர் இங்கே கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் அது நல்ல வகுப்பு. விடை ஒன்றல்ல.

மிக வலுவான வழி, ஈனி பரிமாற்றம். விளிம்பில் அல்லது இரும்பு ஆக்சைடின் பரப்பில் உலோக அணுவோடு இணைந்திருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை, அல்லது அது ஹைட்ரஜன் ஏற்று மாறிய நீர் மூலக்கூறை, வெளியேற்றிவிட்டுக் கார்பாக்சிலேட்டு அந்த இடத்தில் அமர்கிறது. இங்கே நடுவில் நீர்ப்படலம் இல்லை. உலோகத்தோடு ஆக்சிசன் நேரடியாகப் பிணைகிறது. வெளியேறிய ஹைட்ராக்சில் அயனி கரைசலில் சேர்வதால் பி.எச். சற்று உயரும். பிணைப்பு இவ்வழியே நடந்ததற்கு ஆய்வுக்கூடத்தில் இதுவும் ஒரு சான்று. இத்தகைய பிணைப்பு வெறும் நீரால் கழுவினால் போகாது.

இந்தப் பிணைப்புக்கு நம்மிடம் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை உண்டாகும். கடுக்காயிலுள்ள காலிக் அமிலமும் அதன் இனங்களும் அன்னபேதியின் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் நிறம் அது. காய்ந்த மை நீரில் எளிதாகக் கரைவதில்லை. காட்டு மண்ணில் பீனால் வகை அமிலம் இரும்பைப் பற்றுவதும் இதே தன்மையுடையதுதான்.

இரண்டாம் வழி, நேரயனிப் பாலம். கால்சியமோ அலுமினியமோ ஒரு கையால் களிமண் முகத்தையும் மறுகையால் கார்பாக்சிலேட்டையும் பிடித்துக்கொள்கிறது. நடுநிலை மண்ணில் இந்த வேலையைக் கால்சியம் செய்யும். பி.எச். 5க்கும் கீழான காட்டு மண்ணில் அலுமினியம் கரைந்து வெளிவருவதால் அதுவே பாலம். கலங்கிய நீரில் படிகாரத்தைச் சுற்றினால் சேறும் பழுப்பும் சேர்ந்து அடியில் படிகின்றன அல்லவா? படிகாரத்தில் இருப்பது அலுமினியம். களிமண்ணின் மின்சுமையைத் தணித்து, கரிமப் பொருளையும் அதனோடு சேர்த்துக் கட்டிப் படியவைப்பது அதுதான்.

ஹைட்ரஜன் பிணைப்பு, வான் டெர் வால்சு விசை ஆகியவை மெலிந்தவை. ஆனால் மூலக்கூறு பெரிதாக இருந்தால் நூறு மெல்லிய பிடிகள் சேர்ந்து ஒரு வலுவான பிடியாகிவிடும். விரியும் களிமண்களில், மண் மிகவும் புளிப்பாக இருந்தால், மின்சுமையற்ற அமில மூலக்கூறுகள் அடுக்குகளுக்கு இடையேயும் நுழையக்கூடும். இவ்வளவு வழிகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

எந்த அமிலம் வலுவாகப் பற்றும்

அசிட்டிக் அமிலத்துக்கு ஒரே ஒரு கார்பாக்சில். அதன் பிடி தளர்வானது. ஆக்சாலிக் அமிலத்துக்கு இரண்டு. அவை அடுத்தடுத்து இருப்பதால் ஒரே அலுமினிய அணுவை இருபுறமும் கவ்வி ஐந்து அணு வளையம் ஒன்றை உண்டாக்குகின்றன. நண்டு கொடுக்கால் கவ்வுவது போல இருப்பதால் வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று கார்பாக்சில்களும் ஒரு ஹைட்ராக்சிலும் உண்டு. அதுவும் இறுகப் பற்றும். பொதுவாக, கார்பாக்சில் எண்ணிக்கை கூடக்கூடப் பிடி இறுகும்.

பி.எச். மதிப்பும் இதைத் தீர்மானிக்கிறது. மிகவும் புளித்த மண்ணில் பரப்பு நேர்மின்சுமை பெற்றாலும் அமிலம் அயனியாகாமல் நின்றுவிடுகிறது. பி.எச். உயர்ந்தால் அமிலம் அயனியாகும், ஆனால் பரப்பு தன் நேர்மின்சுமையை இழக்கிறது. இரண்டும் ஒத்துவருவது பல அமிலங்களுக்குப் பி.எச். 4 முதல் 5 வரை. காட்டு மண்ணின் இயல்பான நிலை இதற்கு அண்மையில் இருப்பது கவனிக்கத்தக்கது.

பரப்பு முழுவதும் சீராகப் பூசியதுபோல அமிலங்கள் ஒட்டுவதாக நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2014இல் செருமானிய ஆய்வாளர்கள் மிக நுண்ணிய படிமக் கருவியால் பார்த்தபோது, புதிதாகச் சேர்த்த கரிமப் பொருள், கண்ணுக்குத் தெரிந்த கனிமப் பரப்பில் 19 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்திலேயே ஒட்டியிருந்தது. சொரசொரப்பான விளிம்புகளிலும், ஏற்கெனவே கரிமப் பொருள் இருந்த இடங்களிலும் அது திட்டுத்திட்டாகச் சேர்ந்திருந்தது.

பற்றுவதும் கரைப்பதும்

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளப்பதேன்? புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், மேலே படிந்த உலோக ஆக்சைடைப் பற்றிக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. காட்டு மண்ணிலும் இதுவே நடக்கும். ஒட்டிக்கொண்ட அமிலம் அந்த உலோக அணுவையே கனிமத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு நீரில் இறங்கிவிடுவதுண்டு. ஒட்டுவதா பிடுங்குவதா என்பது அமிலத்தின் அளவையும், கனிமம் எவ்வளவு உறுதியானது என்பதையும் பொறுத்தது.

வடக்கு ஐரோப்பா, ரசியா, கனடா ஆகியவற்றின் ஊசியிலைக் காடுகளில் இதை வெறுங்கண்ணால் காணலாம். அங்கே குழி தோண்டினால் மேலே கறுத்த சருகடுக்கு, அதன் கீழே சாம்பல் போன்ற வெளிறிய அடுக்கு, அதற்கும் கீழே துரு நிறத்திலோ காப்பி நிறத்திலோ ஓர் அடுக்கு என்று தெளிவாகத் தெரியும். இம்மண்ணுக்குப் பொட்சால் என்று பெயர். ரசிய மொழியில் 'கீழே சாம்பல்' என்ற பொருள் தரும் உழவர் வழக்கு அது. மண்ணியலின் முன்னோடி தொக்குசாயெவ் (1846–1903) காலத்தில் அறிவியலுக்குள் வந்தது. மேலிருந்து இறங்கிய அமிலங்கள் வெளிறிய அடுக்கிலுள்ள இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி இழுத்துச் சென்றுவிட்டதால், அங்கே மிஞ்சியது பெரும்பாலும் குவார்ட்சு. கீழே போகப்போக ஒவ்வோர் அமில மூலக்கூறும் மேலும் மேலும் உலோகத்தைச் சுமந்து மின்சுமை தீர்ந்து படிந்துவிடுகிறது என்பது பொதுவான விளக்கம். அமிலத்தை வழியில் நுண்ணுயிர்கள் தின்றுவிட, தனித்து விடப்பட்ட உலோகம் படிகிறது என்போரும் உளர். இரண்டும் நடக்கலாம்.

அந்த வெளிறிய அடுக்கிலுள்ள பெல்சுபார் மணிகளில் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள நுண்குழாய்த் துளைகள் இருப்பது 1997இல் அறிவிக்கப்பட்டது. பைன் மர வேர்களோடு வாழும் பூஞ்சை இழைகள் தம் அமிலத்தால் பாறைத்துகளைக் குடைந்து உணவு எடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினர். 'பாறை தின்னும் பூஞ்சை' என்றே தலைப்பிட்டனர்.

மட்கு பற்றி நாம் கற்பித்தது

நான் முப்பதாண்டுக்கு மேல் மாணவர்களிடம் சொன்னது இது: சருகு சிதைந்து மட்காகிறது, மட்கு என்பது நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாத, சிக்கலான, பெரிய, கறுத்த மூலக்கூறு, ஆகவேதான் அது மண்ணில் நிலைக்கிறது. பாடநூலில் இருந்ததும் அதுவே. இன்று பல மண்ணியலாளர்கள் இதை ஏற்பதில்லை.

ஹியூமிக் அமிலம் என்ற கருத்தின் தொடக்கம் 1786. செருமானிய வேதியியலார் அக்கார்டு, முற்றா நிலக்கரியைக் காரக் கரைசலில் ஊறவைத்துக் கறுத்த சாறு எடுத்தார். அமிலம் சேர்த்ததும் கறுப்புப் படிவு விழுந்தது. பின்வந்தவர்கள் மண்ணையும் அதே முறையில் பிரித்தார்கள். ஆனால் அவ்வளவு கடுமையான காரம் மண்ணில் எங்கும் இல்லை. காரத்தில் வந்த பொருள் மண்ணில் அப்படியே இருந்ததா, பிரித்தெடுக்கும்போது உருவானதா என்ற ஐயம் வலுத்தது. புதிய கருவிகளால் மண்ணை உள்ளபடியே ஆராய்ந்தபோது, அந்தப் பெரும் மூலக்கூறுகளைவிட, சிதைவின் பல படிகளில் உள்ள சிறிய, சாதாரணக் கரிமப் பொருள்களே கனிமங்களில் ஒட்டிக் காணப்பட்டன. தின்ன முடியாததால் அன்று, எட்ட முடியாததால்தான் நுண்ணுயிர்கள் அவற்றை விட்டுவைத்திருக்கின்றன. ஒட்டிய மூலக்கூறை நுண்ணுயிரின் நொதி எளிதில் அணுக முடிவதில்லை. ஆழ்மண்ணில் கனிமங்களோடு பிணைந்த கார்பனின் சராசரி வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வரை போகிறது. மணிக்கணக்கில் அழிந்திருக்க வேண்டிய பொருள்வகை அது.

இதற்கு ஹவாய்த் தீவுகளிலிருந்து அருமையான சான்று உண்டு. அங்கே எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான நிலங்கள் 300 ஆண்டு முதல் 41 இலட்சம் ஆண்டு வரை வெவ்வேறு வயதுடையவை. ஆனால் மழையும் வெப்பமும் காட்டு மரமும் ஏறக்குறைய ஒன்றே. 1997இல் வெளியான ஆய்வில், முதல் 1,50,000 ஆண்டுகளில் ஒழுங்கான படிக அமைப்பில்லாத நுண்கனிமங்கள் பெருகின. மண்ணின் கார்பனும் கூடவே பெருகியது. பின்னர் அக்கனிமங்கள் உறுதியான படிகக் கனிமங்களாக மாறியபோது கார்பன் பாதியாகக் குறைந்தது. காடு மாறவில்லை, சருகின் இயல்பும் மாறவில்லை. ஒட்டும் இடம் குறைந்தது, அவ்வளவே.

பிணைப்பு அவிழும் வழிகள்

ஒட்டியது என்றென்றும் ஒட்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாஸ்பேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகிறது. பாஸ்பேட்டு வந்தால் கரிம அமிலம் இறங்கிவிடலாம். அமிலம் மிகுந்தால் பாஸ்பேட்டு இறங்கும். வெள்ளை லூப்பின் என்னும் பயறுச் செடி, பாஸ்பரசு குறைந்த மண்ணில் கொத்துக்கொத்தாக வேர்விட்டுச் சிட்ரேட்டைக் கசியவிட்டு, மண் பூட்டிவைத்த பாஸ்பேட்டைத் தனக்காக விடுவித்துக்கொள்கிறது.

2015இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கவைப்பது. செயற்கை வேர் ஒன்றின் வழியே ஆக்சாலிக் அமிலத்தை மண்ணுக்குள் செலுத்தியபோது, அது கனிமங்களின் பிடியைத் தளர்த்தி, காலங்காலமாக ஒட்டியிருந்த கரிமப் பொருளை விடுவித்தது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன்-டை-ஆக்சைடாக வெளியேற்றின. காற்றில் கார்பன்-டை-ஆக்சைடு மிகுந்து மரங்கள் வேர்வழியே கூடுதல் அமிலம் கசியவிட்டால், மண்ணில் கார்பன் சேருமா, குறையுமா? கூடுதல் வேர் கூடுதல் கார்பன் என்று எளிதாகக் கணக்கிட்டுவிட முடியாது என்பதை இந்தச் சோதனை காட்டியது.

நீலகிரிச் சோலை மண்

சந்தையில் ஊட்டி உருளைக்கிழங்கைத் தனியே அடையாளம் காட்டுவது அதன் தோலில் ஒட்டிய கறுப்பு மண். கறுப்பாக இருப்பதெல்லாம் கரிமம் மிகுந்த மண் அன்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கரிமக் கார்பன் பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் கீழே. நீலகிரியின் கறுப்பு வேறு; அது உண்மையாகவே கரிமம் செறிந்தது.

கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், சோலைகளின் கீழும் புல்வெளிகளின் கீழும் உள்ள இந்த மண்ணை ஆராய்ந்தவர்கள், எரிமலைச் சாம்பலில் உண்டாகும் ஆண்டோசால் என்ற மண்வகையின் பண்புகளை இதில் கண்டனர். சப்பானிய மொழியில் 'கரிய மண்' என்ற பொருளில் வந்த பெயர் அது. நீலகிரியில் எரிமலைச் சாம்பல் இல்லை, அடிப்பாறை சார்னோக்கைட்டு. நெடுங்கால மழையில் பாறை சிதைந்து, சிலிக்கா கரைந்தோடி, கிப்சைட்டு என்ற அலுமினிய ஹைட்ராக்சைடும் கோதைட்டும் மிஞ்சின. குளிர்ந்த மேட்டுநிலத்தில் மெல்லச் சிதையும் தாவரப்பொருளின் அமிலங்கள் அந்த அலுமினியத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டன. மேலே விவரித்த ஈனி பரிமாற்றமும் கொடுக்கிணைப்பும் சேர்ந்து இங்கே ஒரு மலையின் மண்ணையே ஆக்கியிருக்கின்றன. மழைநீரைப் பஞ்சு போல ஏற்று, மெல்ல ஓடைகளுக்கு விடும் திறனும் இந்த இலகுவான, துளைகள் மிகுந்த மண்ணமைப்பைச் சார்ந்தது.

இம்மண்ணைக் கிழங்குப் பயிருக்காகக் கிளறிச் சுண்ணாம்பு இடும்போது பி.எச். உயர்கிறது, அலுமினியத்துக்கும் கரிம அமிலத்துக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது, கிளறலால் காற்றும் நுண்ணுயிரும் உள்ளே செல்கின்றன. சரிவில் கொட்டும் மழை, கனிமத்தையும் அதில் ஒட்டிய கரிமத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகிறது. அதே இடத்தில் மீண்டும் சோலை மரங்களை நட்டால் சருகடுக்கு சில பத்தாண்டுகளில் திரும்பிவிடக்கூடும். கிப்சைட்டோடு பிணைந்திருந்த பழைய கரிமம் சேர்வதற்கு ஆன காலம் வேறு.